எலும்பெடுத்த நாளில் வந்த விருந்தாளி

என் வீட்டில் தங்குகிறவர்கள் காசு கொடுப்பதில்லை. இணையத்தில் அப்படி ஓர் ஏற்பாடு இருக்கிறது. கையில் பணமில்லாமல் நாடு நாடாகச் சுற்றுகிற பிள்ளைகள் எழுதிக் கேட்பார்கள். இடம் இருக்கிறவர்கள் ஒரு சோபாவைக் கொடுப்பார்கள். பேருந்து ஓட்டி ஓய்வு பெற்ற பிறகு, சுவரோடு பேசிச் சலித்துப்போய் நான் அதில் சேர்ந்தேன். வருகிறவர்கள் பாத்திரம் கழுவித் தருவார்கள். தங்கள் ஊர்ச் சாப்பாடு என்று எதையாவது சமைத்து அடுப்பைப் பாழாக்குவார்கள். கல்யாணமே செய்துகொள்ளாதவனுக்கு இது எதற்கு என்று எங்கள் மலையூரில் எல்லோருக்கும் தலைவலி. "என்ன நிகிதா, சத்திரத்துல இன்னைக்கு எந்த நாட்டு ராணி?" என்று காபிக் கடையில் கேட்பார்கள். நானும் வாயில் வந்ததைச் சொல்லிவைப்பேன்.

யாகோடா என்ற போலந்துப் பெண் வெள்ளிக்கிழமை வருவதாக எழுதியிருந்தாள். சாலையோரம் நின்று கைகாட்டி, நிறுத்துகிற வண்டியில் ஏறிப் போகிற ரகம். அன்று அவளை யாரும் ஏற்றவில்லை. கலமாட்டா நகருக்கு வெளியே ஓர் ஆலிவ் தோப்பில் கூடாரம் போட்டுப் படுத்துவிட்டு, சனிக்கிழமை காலைப் பேருந்தில் வருகிறேன் என்று செய்தி அனுப்பினாள். நான் கல்லறைத் தோட்டத்தில் இருப்பேன், சாவி என்னிடம்தான் இருக்கிறது, அங்கேயே வந்துவிடு என்று பதில் போட்டேன். வேறு என்ன செய்வது? அன்றைக்குத்தான் என் அத்தான் திராசோஸை மண்ணிலிருந்து எடுக்கிறோம்.

எங்கள் கல்லறைத் தோட்டத்தில் இடம் கொஞ்சம். புதைத்தவர் சில வருடங்கள்தான் அங்கே கிடக்கலாம். பிறகு தோண்டி, எலும்புகளைச் சிவப்பு ஒயினில் கழுவி, பெட்டியில் வைத்து, கோயிலுக்குப் பின்னால் இருக்கும் எலும்பறையில் சேர்த்துவிட வேண்டும். குழியிலிருந்து மண்டையோட்டைக் கையில் வாங்கி முத்தமிடுவது பெற்ற பிள்ளை. பிள்ளை உயிரோடு இருந்தும் வரவில்லை என்றால், அந்த மனிதன் என்ன பாவம் செய்தானோ என்று ஊர் பேசும். பேசிவிட்டு மறக்கவும் மறக்காது.

அத்தானுக்கு ஒரே மகள், கலியோபி. காட்டுத்தீயில் ஆலிவ் மரங்கள் எல்லாம் எரிந்துபோன வருடம், பன்னிரண்டு வயதில் அவளை மெல்பர்னில் இருந்த தன் தங்கையிடம் அனுப்பினார். நல்லபடியாகப் படிக்கட்டும் என்றுதான் அனுப்பினார். அவள் அதை அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. அப்புறம் அவள் ஒருமுறைகூட இந்த ஊர்ப் பக்கம் வரவில்லை, அப்பாவின் சாவுக்கும் வரவில்லை. இந்தச் சடங்குக்காவது வா என்று நானே கூப்பிட்டேன். "என்னைத் தூக்கிக் குடுத்துட்டவரைக் குழியில இருந்து தூக்க நான் எதுக்கு மாமா வரணும்?" என்றாள். என் அக்கா எவாந்தியாவோ, மகள் வருகிறாள் என்று ஊர் முழுக்கச் சொல்லிவைத்திருந்தாள். அதற்காகவே சடங்கை இரண்டு முறை தள்ளிப்போட்டாள். இதற்கு மேல் தள்ளமுடியாது என்று ஊராட்சியிலிருந்து சொல்லிவிட்டார்கள்.

சனிக்கிழமை ஊரே வந்துவிட்டது. பெண்கள் குழியைச் சுற்றி நின்று ஒப்பாரி வைத்தார்கள். குழி தோண்டுகிற கோஸ்மாஸ் மண்வெட்டியைப் போட்டுவிட்டுக் கையால் மண்ணைத் தள்ள ஆரம்பித்திருந்தான். தலைமாட்டில் மகளுக்கென்று விட்டிருந்த இடம் காலியாகவே கிடந்தது. அக்கா அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை, கையிலிருந்த வெள்ளைத் துணியையே மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தாள்.

கீழே பேருந்து நிற்கும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் பெரிய முதுகுப்பையோடு ஒரு பெண் மேடேறி வந்தாள். வைக்கோல் நிறத்தில் தலைமுடி. அத்தானுக்கும் அதே முடிதான்.

"ஐயோ, கலியோபி!" என்று தெஸ்பினா கத்தினாள். ஊரில் எந்த அழுகைக்கும் முதல் ஆளாக நிற்கிறவள் அவள். "வந்துட்டியாடி கண்ணே! பாருங்கடி, அப்படியே அப்பனை உரிச்சு வெச்சிருக்கா!"

ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள். மற்றவர்களும் சூழ்ந்துகொண்டார்கள். ஒருத்தி கன்னத்தைத் தடவினாள், ஒருத்தி பையைக் கழற்றினாள், எல்லோருமாகச் சேர்ந்து அவளைத் தலைமாட்டில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். நான் வாயைத் திறந்தேன். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"பேசாம இருடா."

"அக்கா, இது பாவம்."

"பாவம் என்னோட போகட்டும். நீ பேசாம இரு."

யாகோடா மிரண்டுபோய் என்னைத் தேடினாள். இணையத்தில் நான் போட்டிருந்த என் படத்தை வைத்து அடையாளம் கண்டுகொண்டாள் போலிருக்கிறது. மெல்பர்னில் வளர்ந்தவளிடம் ஆங்கிலம் பேசினால் யாரும் சந்தேகப்படமாட்டார்கள். நான் பக்கத்தில் போய், எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் காதோடு சொன்னேன்.

"உன்னைச் செத்தவரோட மகள்னு நெனச்சுட்டாங்க. வேண்டாம்னா சொல்லு, இப்பவே நிறுத்திடறேன்."

"அந்த மகள் வரலையா?"

"வரமாட்டா."

அவள் என் அக்காவைப் பார்த்தாள். நேற்றைய தூசி அப்படியே முகத்தில் இருந்தது. நல்ல தூக்கம் தூங்கிப் பல நாள் ஆகியிருக்கும்.

"எப்படிப் பிடிக்கணும்?" என்று கேட்டாள்.

சொல்லிக்கொடுத்தேன். அதற்குள் கோஸ்மாஸ் மண்ணுக்குள்ளிருந்து இரண்டு கையாலும் தூக்கி நீட்டினான். அவள் மண்டியிட்டு, வெள்ளைத் துணியில் வாங்கினாள். குனிந்து நெற்றியில் முத்தமிட்டாள். அவள் அழுவாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. தோள் குலுங்கக் குலுங்க அழுதாள். யாருக்காக அழுதாளோ, எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை. அக்கா பக்கத்தில் உட்கார்ந்து ஒயினை ஊற்ற, இருவருமாகக் கழுவினார்கள். எலும்புகள் மஞ்சளாக, சுத்தமாக இருந்தன. எலும்பு இப்படி வந்தால் நல்ல மனுஷன் என்று அர்த்தம், பெண்கள் அதைத்தான் சொன்னார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. நிம்மதியாகவும் இருந்தது, அதை மறைப்பானேன்.

பிராந்தியும் காபியும் கொடுத்து முடித்ததும் யாகோடா என் வீட்டுச் சாவியைக் கேட்டாள். தெஸ்பினா பிடித்துக்கொண்டாள்.

"பெத்த தாய் வீடு இருக்கும்போது மாமன் வீட்டுல படுப்பாளா? இதென்னடா நிகிதா புதுப் பழக்கம்?"

ஆக, என் விருந்தாளி அக்கா வீட்டுக்குப் போனாள். கலியோபியின் கட்டிலில் புது விரிப்பு போட்டிருந்தது. மகளுக்கென்று அக்கா தயாராக வைத்தது. யாகோடா ஒரு தட்டு அவரைச் சூப்பைக் குடித்துவிட்டுக் கட்டிலில் விழுந்தவள்தான், காலணியைக்கூடக் கழற்றாமல் தூங்கிப்போனாள். அக்கா போய்க் கழற்றிவிட்டாள்.

மதியம் தொலைபேசி அடித்தது. அக்காவுக்குக் காது கொஞ்சம் மந்தம் என்பதால் ஒலிபெருக்கியைப் போட்டு, பக்கத்தில் இருக்கிறவருக்கும் கேட்கிற மாதிரிதான் வைப்பாள்.

"அம்மா," என்றாள் கலியோபி. "முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது."

"யாரு... யாரு வாங்கினா?"

"நீதான்."

அக்கா குரலைத் தாழ்த்தி நிதானமாகச் சொன்னாள்.

"பஸ்ஸுல வந்தே. தெஸ்பினா உன்னைக் கட்டிக்கிட்டா. அப்பா சாயல்னு சொன்னா. நீ மண்டி போட்டு அவரைக் கையில வாங்கினே. முத்தம் குடுத்தே. ரொம்ப அழுதேடி."

"என்னம்மா சொல்றே? யாரு அது?"

"தெரியாது. மாமா வீட்டுக்கு வந்த ஊர்சுத்தற பொண்ணு. உன் கட்டில்ல தூங்கறா."

கலியோபி அழ ஆரம்பித்தாள். இத்தனை வருடத்தில் அவள் அழுது நான் கேட்டதில்லை. அடக்கி அடக்கி, சின்னப் பிள்ளையைப் போல அழுதாள்.

"அவர் எப்படிம்மா இருந்தார்?"

"ரொம்பச் சின்னதா இருந்தார்டி. கைக்குள்ள அடங்கிட்டார்."

"அம்மா, நான் வர்றேன். இந்தக் கோடையிலேயே வர்றேன். பெட்டியையாவது பாக்கணும். வரட்டுமா?"

இந்த ஒரு வார்த்தைக்காக என் அக்கா எத்தனை மெழுகுவர்த்தி ஏற்றியிருப்பாள் என்று எனக்குத் தெரியும். அவள் முகத்தைப் பார்த்தேன். அது மலரவில்லை. முற்றத்தில் பெண்கள் இன்னும் போகாமல் உட்கார்ந்திருந்தார்கள். கலியோபி எவ்வளவு வளர்ந்துவிட்டாள், எவ்வளவு மெலிந்துவிட்டாள், கடைசியில் அப்பனைக் கைவிடவில்லை பார் என்று அவர்கள் பேசிக்கொள்வது ஜன்னல் வழியாகக் கேட்டது.

அக்கா ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து, தொலைபேசியை வாயருகே வைத்துக்கொண்டாள்.

"நீ வந்தா," என்றாள், "உன்னை யாருன்னு சொல்லுவேன்டி?"