நல் என்றிருந்த பெயர்

மகப்பேறு மருத்துவமனையின் பழைய கணினியில் இருந்த பிறப்புப் பதிவுகளைப் புதிய தரவுத்தளத்துக்கு மாற்றும் வேலை அவளுக்கு வந்தது. அவள் பிறந்ததும் அங்கேதான். முதல் கோப்பை அனுப்பிய அரை மணி நேரத்தில் பதிவறைக்காரர் அலறியடித்துக்கொண்டு வந்தார்.

"என்னம்மா பண்ணி வெச்சிருக்க? நூத்துக்கணக்கான குழந்தைங்களச் சாகடிச்சிட்டியே!"

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அங்கே பெயர்க் கட்டத்தில் 'நல்' (null, எதுவும் பதியப்படவில்லை என்பதற்கான கணினிக் குறி) என்றிருந்தால், பெயர் இன்னும் வரவில்லை என்று பொருள். ஓர் எழுத்துகூட இல்லாத வெற்று உரை இருந்தால், பெயர் வைக்குமுன்பே குழந்தை போய்விட்டது என்று பொருள். அந்தக் காலத்து எழுத்தர் போட்டு வைத்த வழக்கம் அது. அவளுடைய நிரலோ நல் எல்லாவற்றையும் ஒரே போடாக வெற்று உரையாக்கியிருந்தது.

"நல்ல நல்லாவே விட்டுடும்மா" என்று சொல்லிவிட்டு, தன் வார்த்தைக்குத் தானே சிரித்தபடி போனார் அவர்.

நிரலைத் திருத்தினாள். சரிபார்க்க, தன் பிறப்புச் சான்றிதழில் இருக்கும் எண்ணையே போட்டாள். பெயர்க் கட்டம் வெற்று உரை. அடுத்த வரிசையில் அதே தாய், அதே நாள், பத்து நிமிடம் கழித்து இன்னொரு பெண் குழந்தை. அதன் பெயர்: நல்.

அம்மாவைக் கைபேசியில் கூப்பிட்டாள்.

"ஏம்மா, எனக்குக் கூடப்பிறந்தவ யாராச்சும் இருந்தாளா?"

மறுமுனையில் குழாய்ச் சத்தம் நின்றது.

"ரெட்டைடி. நீ முதல்ல வந்தே. அழவே இல்ல. துணியச் சுத்தி ஓரமா வெச்சுட்டாங்க. ரெண்டாவது வீல்னு கத்துச்சு. கொஞ்ச நேரத்துல ஓரத்துல இருந்த துணி அசைஞ்சுது. எல்லாரும் உன்கிட்ட ஓடினாங்க. திரும்பிப் பாத்தா, அவ அடங்கிட்டா."

முதலில் எழுதியதை யாரும் திருத்தவில்லை. பதிவின்படி செத்தவள் இவள். மற்றவள் இன்னும் பெயருக்குக் காத்திருக்கிறாள்.

"திருத்தச் சொல்லி மனு குடுக்கலாம்மா. எனக்கு என் பேரு. அவளுக்குக் காலி."

"காலின்னு எழுதாதடி! வயித்துல இருக்கும்போதே ரெண்டு பேருக்கும் பேரு வெச்சிருந்தேன். யாரும்தான் கேக்கல." முப்பத்திரண்டு வருடத்தில் முதல் தடவையாக அம்மா மற்றவளின் பெயரைச் சொன்னாள்.

"ம்?" என்றாள் மகள்.

தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்களுக்குக் கொடுக்கிற 'ம்'. அவளைக் கேட்காமலே வாயிலிருந்து வந்துவிட்டது. அது தன் பெயர்தானோ, பிழைத்தது எவளோ என்று அவளுக்கே சந்தேகம் தட்டியது.

மறுவாரம் இருவரும் பதிவறைக்குப் போனார்கள். மனுவை அம்மாவே நிரப்பினாள். அவள் பேனாவை எடுத்ததும் மகள் எழுந்துபோய்ச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டாள். எந்த வரிசையில் எந்தப் பெயர் போனதென்று கேட்கவில்லை. கோப்புகளைத் தினமும் திறக்கிறாள். அந்த எண்ணை மட்டும் இன்றுவரை தேடிப் பார்த்ததில்லை.