டிரம்முக்குள் ஒரு நூல் புடவை

சடகோபன் முப்பது வருஷமாக ராக் இசைக்குழுவில் டிரம்ஸ் வாசிப்பவர். அவர் பெரிய டிரம்மின் பெடலை மிதித்தால் திருத்தணியில் பக்கத்துத் தெரு வரை அதிரும். அதைத் தணிக்க மனைவி அம்சா தன் பழைய நூல் புடவையை அந்த டிரம்முக்குள் திணித்து வைப்பாள். அவள் அந்தப் பக்கம் போனதும் அவர் உருவி எறிவார். தினமும் இதே சண்டைதான், தினமும் அவர்தான் ஜெயிப்பார்.

இன்று ஒத்திகைக்கு அரக்கோணத்திலிருந்து கிட்டார்க்காரன் எழிலன் வந்திருந்தான்.

"இன்னாண்ணா, சத்தமே வரல. உள்ள புடவை கீது, எடுத்துடட்டா?"

"வேணாம். இருக்கட்டும்."

"முன்னெல்லாம் இப்டியா அடிப்ப?"

அம்சா இறந்து எட்டு மாதமாகிறது. அவள் கடைசியாகத் திணித்த புடவை அது. நைந்துவிடப் போகிறதென்று சடகோபன் பெடலை இன்னும் மெதுவாக மிதித்தார்.