பெரட்டுத் தப்பு

பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றின் பழைய பிறப்புப் பதிவேடு எரிந்துபோய் வருஷம் இருபது. எரியுமுன் அதை யாரோ ஒரு புண்ணியவான் பதுளை ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்திருந்தான் என்பது 2003இல்தான் வெளியே தெரிந்தது. மெஷின் கிழடு. ஓடாது.

அதில் பேர் இருந்தால் ஆபீஸ் கடிதம் தரும். கடிதத்தைக் காட்டினால் அடையாள அட்டை கிடைக்கும். அட்டை இல்லாமல் செக்பொயிண்டில் இரண்டு தடவை பஸ்ஸை விட்டு இறக்கப்பட்டவள் சந்திரகாந்தி. வயது ஐம்பத்திரண்டு. அவளுடைய மகள் சுதர்சினி பதுளையில் ரேடியோ திருத்துகிறவள். "நான் ஓட்டிக் காட்டுறேங்க" என்று அவளாகவே போய் நின்றாள்.

சாப்பாட்டுத் தட்டளவு டிஸ்க். ஒரு சுற்றில் பன்னிரண்டு பகுதி. ஒவ்வொரு பகுதி தொடங்கும்போதும் ஒரு துடிப்பு வரவேண்டும். மெஷின் அதை எண்ணித்தான் இடம் கண்டுபிடிக்கும். துடிப்புத் தரும் பாகம் செத்துவிட்டது. சுற்றுக்கு ஒன்றாக வரும் தொடக்கத் துடிப்பு மட்டும் மிச்சம். அந்த ஒன்றிலிருந்து பன்னிரண்டையும் உண்டாக்கும் சர்க்கியூட்டை மூன்று மாதம் மண்டையைப் பிய்த்துக்கொண்டு செய்தாள். கெட்டிக்காரிதான், யார் இல்லை என்றது?

ஆனால் தோட்டத்து லயத்தில் பிறந்த புத்தி எங்கே போகும்? விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு முதலில் தப்புப் பறை அடிப்பார்கள். பிறகுதான் ஆட்கள் வந்து நிற்பார்கள், கங்காணி எண்ணுவார். தப்பை யாரும் ஆளாக எண்ணுவதில்லை. அவளும் தொடக்கத் துடிப்பைத் தப்புச் சத்தம் என்றே நினைத்து, அடுத்த பகுதியிலிருந்து எண்ண விட்டாள். மெஷினுக்கோ அந்தத் தப்புதான் முதல் ஆள்.

டிஸ்க் சுழன்றது. திரை இன்றைய தேதியைக் கேட்டது. தலைமைக் கிளாக்கர் இரகுநாதன், "போடு பிள்ளை" என்றார். போட்டாள். முதல் பகுதிக்குப் போகவேண்டிய தேதி இரண்டாம் பகுதியில், பேர்கள் தொடங்கும் பக்கத்தின் மேலேயே ஏறி உட்கார்ந்தது.

பிழை பிடிபட்டது அதற்குப் பிறகு. திருத்தியதும் நானூறு பேர் அச்சாகி வந்தார்கள். முதல் பக்கத்துப் பதினாறு பேர் வரவில்லை. ஐம்பத்தொன்றில் பிறந்தவர்களின் பக்கம் அது.

"ஐயா, அம்மா அதுலதான் இருந்தாங்க."

"தாளில இருக்கிற ஆக்களுக்குத்தான் கடிதம் குடுக்கேலும், பிள்ளை. நான் என்ன செய்ய?"

வெளியே காத்திருந்த தாயிடம், "அந்தப் பக்கம் முந்தியே அழிஞ்சிருக்கும்மா" என்றாள் சுதர்சினி. அந்தப் பொய்யைச் சொல்லும்போது அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

பசறை பஸ்ஸில் மற்ற எல்லார் கையிலும் கடிதம். எல்லாரும் சுதர்சினியை வாழ்த்தினார்கள். சந்திரகாந்தி மகளின் வலது கையை எடுத்து மடியில் வைத்துத் தடவிக்கொண்டே வந்தாள்.

"நீ என்ன செய்வ, புள்ள. என் பேர அழிச்சவன் கை வெளங்காமப் போகும்."