சேவ் ஆயிடுச்சு

அந்த அலுவலகத்தில் செய்த மூன்று மென்பொருளுக்கும் பொதுவான நிரல்களை வைத்திருக்கும் லைப்ரரி ஒன்றுதான். கடை பில், சரக்கு இருப்பு, சம்பளக் கணக்கு எல்லாமே அதிலிருந்துதான் எடுத்துக்கொள்ளும். ஒன்றுக்காக அதில் கைவைத்தால் மற்ற இரண்டும் மாறிவிடும்.

கடைக்காரர் ஒருவர், பில்லைச் சேமிக்கும்போதெல்லாம் ஒரு பொம்பளை “சேவ் ஆயிடுச்சு” என்று உயிரை வாங்குகிறாள் எனப் புலம்பியிருந்தார். பில்லில் மட்டும் அதை நிறுத்த வழி உண்டு. ஆனால் பில் மென்பொருளைப் பார்த்துக்கொள்ளும் இளம்பெண், வேலைக்குச் சோம்பல்பட்டு, அந்தக் குரலை லைப்ரரியிலிருந்தே தூக்கிவிட்டாள்.

மதியம், சரக்கு மென்பொருளைப் பார்த்துக்கொள்ளும் சீனியர் ஒரே கோப்பைத் திரும்பத் திரும்பச் சேமித்துக்கொண்டிருந்தார்.

“சத்தம் வரலையேம்மா.”

“நான்தான் எடுத்தேன் சார். யாரோ வெட்டியா பேசி வெச்சிருக்காங்க.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “வெட்டியாத்தான் இருந்தா. சாப்பாடு குடுக்க வந்தவளை மைக் முன்னாடி உக்கார வெச்சேன்.”

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. போன வருஷம் அவர் மனைவியின் சாவுக்கு அலுவலகமே போயிருந்தது.

“பழையபடி இப்பவே போட்டுடறேன் சார்.”

“ஃபைல் எங்கிட்டயும் இருக்கும்மா. நானா போட்டுக் கேக்க மனசு வரல. இதுலன்னா, நான் வேலை மும்முரத்துல இருக்கும்போது அவளா வந்து சொல்லிட்டுப் போவா.”

கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

“இனிமே நீ போட்டாலும், வருவாளா வருவாளான்னு காத்துக்கிட்டுல்ல இருப்பேன்.”