காய்ந்த மாவிலை

எந்த ஊருக்குக் குடிபோவது என்று பார்க்க, ஐப்பசி பிறந்ததிலிருந்து ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் என் வீட்டுக்காரர் நயினார் என்னை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு கடற்கரை ஊர்களைச் சுற்றினார். பார்த்தவர்கள், இந்த வயதிலும் இப்படி ஒரு ஜோடியா என்று நினைத்திருப்பார்கள். எல்லாம் நாடகம். வயிறெரிந்து சொல்கிறேன், அத்தனையும் நாடகம்.

தூத்துக்குடித் துறைமுகச் சாலையில் எங்களுக்குத் தார்ப்பாய், கயிற்றுக் கடை. கீழே கடை, மேலே வீடு. இடித்துக் கட்டப் போகிறேன், காலி பண்ணுங்கள் என்று கட்டடச் சொந்தக்காரர் சொல்லிவிட்டார். எனக்கு அதில் ஒரு துளி வருத்தம் கிடையாது. கண்டெய்னர் லாரி போகும்போதெல்லாம் பாத்திரம் ஆடுகிற வீடு அது. வெள்ளைத் துணியைக் காயப்போட்டால் கறுப்பாகத்தான் எடுக்க வேண்டும். பிள்ளை குட்டி இல்லாத நம் இரண்டு பேருக்குக் கடற்காற்று வருகிற ஒரு சின்ன ஊர் போதும், சின்னதாக ஒரு கடை போதும் என்று அவரும் சொன்னார்.

எனக்கு இருந்தது ஒரே ஆசை. போகிற வீட்டில் என் கையால் பால் காய்ச்ச வேண்டும்.

இதென்ன பெரிய ஆசை என்று கேட்பீர்கள். கேட்கிறவர்களுக்குச் சுலபம். சொந்தத்தில் யாராவது புதுவீடு கட்டிப் பால் காய்ச்சினால், அடுப்பைச் சுற்றிப் பெண்கள் நிற்பார்கள், ஆளுக்குக் கொஞ்சம் பானையில் பால் ஊற்றுவார்கள். என் முறை வரும்போது மட்டும் யாருக்காவது ஒரு வேலை ஞாபகம் வந்துவிடும். "வேல்விழி, அந்தத் தேங்காய எடுத்துட்டு வா." நான் போய் எடுத்து வருவதற்குள் பால் பொங்கிக் குலவையும் போட்டு முடித்திருப்பார்கள். சாயர்புரத்தில் ஒரு வீட்டில் இவருடைய அக்கா இசக்கிசெல்வி என் கையிலிருந்த செம்பையே பிடுங்கிவிட்டாள். "நீ சித்த இருளா. பிள்ள பெத்த கை ஊத்தட்டும்" என்று அத்தனை பேர் முன்னாலும் சொன்னாள்.

அன்றைக்குத் திரும்பி வரும்போது நான் அழுத அழுகையில் இவர் வண்டியை ஓரங்கட்டினார். "அழாதளா. நமக்குன்னு ஒரு வீடு வரும். அதுல நீதான் காய்ச்சுத. திருச்செந்தூர் முருகன் மேல சத்தியம்" என்றார். மனுஷன் கண்ணும் கலங்கியிருந்தது. நான் நம்பினேன்.

ஊர் பார்க்கப் போன கதைக்கு வருகிறேன். தருவைகுளத்தில் இறங்கியதுமே மூக்கைப் பொத்தினார். "மீன் வாட தாங்கலளா" என்றார். மூன்று வேளையும் மீன் இல்லாமல் சோறு இறங்காத ஆள் இவர். மணப்பாட்டில் மணல் பறக்கிறதாம், தோசையில் விழுமாம். புன்னைக்காயலுக்குப் பஸ் குறைவாம். எங்கள் வீட்டு வாசலில் டவுன் பஸ் நின்ற காலத்திலேயே இவர் அதில் ஏறி நான் பார்த்ததில்லை.

வேம்பாரில் ஒரு ஓட்டு வீடு எனக்குப் பிடித்துப்போயிற்று. இன்பமணி டீச்சர் என்று ஓய்வு பெற்ற ஒருவருடைய வீடு. அவர் தூத்துக்குடியில் மகளோடு இருக்கிறார். அடுக்களையைப் புதிதாகக் கட்டிப்போட்டிருந்தார். ஜன்னலைத் திறந்தால் பனைமரங்களுக்கு நடுவே கடல் தெரிந்தது. "இந்த அடுக்களையில இன்னும் யாரும் அடுப்பே பத்த வைக்கல. நீங்க வந்தா நீங்கதான் முதல்" என்று வீட்டைக் காட்ட வந்த டீச்சர் சொன்னதும் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது.

"தண்ணி உப்பு" என்றார் இவர்.

"தூத்துக்குடித் தண்ணி என்ன, தேனா?"

"கட வச்சா ஓடாது."

"இங்கன படகு இருக்கு, உப்பளம் இருக்கு. தார்ப்பாயும் கயிறும் ஓடாம வேற எங்கன ஓடும்?"

வண்டியில் ஏறிய பிறகு முதுகைக் காட்டிக்கொண்டே சொன்னார். "அடுத்த வாரம் குலசைக்குப் போவோம். அங்கன ஒரு வீடு இருக்காம்."

குலசை என்கிற குலசேகரன்பட்டினத்துக்குப் பக்கத்து ஊர் உடன்குடி. உடன்குடியில்தான் இசக்கிசெல்வி இருக்கிறாள். "உங்க அக்கா கூப்பிடு தூரத்துல இருப்பாவ. நான் வரல" என்றேன்.

"பாக்கத்தானளா கூப்பிடுதேன்? சும்மா பாத்துட்டு வருவோம்."

போனோம். ஊரை விட்டுச் சற்றுத் தள்ளி, பெயிண்ட் வாடை இன்னும் போகாத மாடி வீடு. இவர் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்தார்.

"சாவி எப்படி உங்ககிட்ட?"

"புரோக்கர் குடுத்தான்."

புரோக்கர் கொடுத்த சாவி, எங்கள் கடைச் சாவி மாட்டியிருக்கிற அதே வளையத்தில் கிடந்தது. அதைப் பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை. இவர் பூட்டைத் திறக்கிற நேரத்தில் நிலைப்படிக்கு மேலே பார்த்தேன். மாவிலைத் தோரணம். காய்ந்து, பழுப்பேறி, சுருண்டு தொங்கியது. நிலைக்காலில் மஞ்சளும் குங்குமமும் வைத்த பொட்டு. உள்ளே ஓடினேன். அடுக்களையில் கரி பிடித்த செங்கல் மூன்று சுவரோரம் அடுக்கியிருந்தது. தரையில் பால் பொங்கி வழிந்து காய்ந்த தடம். மூலையில் உப்பு ஜாடியும் மஞ்சள் கிழங்கும் வைத்தது வைத்தபடி இருந்தன.

"இது யாரு காய்ச்சுனது?" என்றேன்.

"முன்னால இருந்தவங்களா இருக்கும்."

"பெயிண்ட் வாட போகல. முன்னால யாரு இருந்தா? பேயா?"

அப்போது பக்கத்து வீட்டுப் பெண் வாசலில் வந்து நின்றாள். வெள்ளைச் சிரிப்பு, கள்ளமே இல்லை. "வாங்கக்கா, நீங்கதான் வேல்விழி அக்காவா? பால் காய்ச்சுன அன்னைக்கு உங்களத்தான் தேடுனோம். மேலுக்கு முடியல, அதான் வரலன்னு அண்ணாச்சி சொன்னாவ. உங்க மதினிதான் முன்னால நின்னு எல்லாம் செஞ்சாவ. ஏலக்காய் தூக்கலா ஒரு பாயாசம், இன்னும் நாக்குல நிக்கி. இப்பம் மேலுக்குத் தேவலயா?"

எனக்கு உடம்புக்கு என்ன கேடு? ஆவணி மாதம் ஒரு முகூர்த்த நாளில் ஸ்ரீவைகுண்டத்தில் ஒரு கல்யாணம் என்று இவர் பட்டுவேட்டி கட்டிக்கொண்டு தனியாகப் போனார். திரும்பும்போது தூக்குச் சட்டியில் பாயாசம் கொண்டுவந்தார். "கல்யாண வீட்டுப் பாயாசம், உனக்குன்னு கேட்டு வாங்கிட்டு வந்தேன்" என்றார். நான் சட்டியை வழித்துக் குடித்தேன். ஏலக்காய் தூக்கலாக இருக்கிறது, நல்ல கைப்பக்குவம் என்று வேறு சொன்னேன். என் வீட்டுப் பாலில் செய்த பாயாசத்தை எனக்கே கொடுத்து, நான் பாராட்டுகிறதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார் இந்த மனுஷன்.

"ஆவணியிலயே வாங்கிட்டீய. பொறவு எதுக்கு என்னைய ஊர் ஊரா இழுத்தடிச்சீய?"

"ஒவ்வொரு ஊரா வேண்டாம்னு ஆயிட்டா, நீயே இதுக்குச் சரின்னு சொல்லுவன்னு..." என்று இழுத்தார்.

"பால் காய்ச்சுன சங்கதி தெரியாமலே போயிரும்னு நெனச்சீயளாக்கும்?"

"இன்னொரு மட்டம் உன்னைய வச்சிக் காய்ச்சலாம்னுதான்..."

"காய்ச்சுன பால மறுபடியும் காய்ச்ச நான் என்ன பொம்மையா?"

அந்த நேரம் பார்த்து ஆட்டோவில் வந்து இறங்கினாள் இசக்கிசெல்வி. கையில் கேரியர். நாங்கள் வருவது அவளுக்கு முன்னாடியே தெரிந்திருக்கிறது. உள்ளே வந்தவள் என் முகத்தைப் பார்த்தாள், தம்பி முகத்தைப் பார்த்தாள், கேரியரைக் கீழே வைத்தாள்.

"தோரணத்த அவுத்துரச் சொல்லி இவர்ட்ட நீங்களாவது சொல்லியிருக்கலாமே, மதினி" என்றேன்.

"கட்டுன மாவிலைய யாராவது கையால அவுப்பாவளா? அது தானாத்தான் உதிரணும். வீட்டுக்கு ஆவாதுல்லா?" என்றாள், என்னவோ நான் விவரம் கெட்டவள் போல.

கேட்டீர்களா? முருகன் மேல் போட்ட சத்தியத்தை மீறலாம். கட்டின பெண்டாட்டியை ஏமாற்றலாம். காய்ந்த சருகைத் தொட மட்டும் பயம். தரையைக் கழுவப் பயம், பொட்டைத் துடைக்கப் பயம். அந்தப் பயத்தில் ஒரு துளி என்மேல் இருந்திருந்தால் இந்த வீட்டில் என் கை பட்டிருக்கும்.

"இங்க பாருளா" என்றாள் அவள். "தம்பி நல்லாருக்கணும்னுதான் செஞ்சேன். புது வீடு விருத்தியாவணும். பிள்ள பெத்த கை காய்ச்சுனா நல்லது. நாளைக்கு உங்களுக்குப் பொறவு எம் மவந்தான இங்கன விளக்கேத்தணும்? இதுல கோவப்பட என்ன இருக்கு?"

நான் இவரைப் பார்த்தேன். ஒரு வார்த்தை சொல்லட்டும் என்று காத்திருந்தேன். சத்தியமாக, ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அங்கேயே உட்கார்ந்து அழுது தீர்த்திருப்பேன்.

"சடங்குதானளா" என்றார்.

"சடங்குதான்னா ஏன் ஒளிச்சிச் செஞ்சீய?"

நான் இசக்கிசெல்வி பக்கம் திரும்பினேன்.

"மதினி, பால் காய்ச்சுனவதான் அந்த வீட்டுப் பொம்பள. நீங்க காய்ச்சியாச்சு. இது உங்க வீடு. உங்க தம்பிக்கு நீங்களே பொங்கிப் போடுங்க, நல்லா விருத்தியாவட்டும்" என்றேன்.

"திமிரப் பாரு மூதிக்கு! எங்கன போவ நீ?" என்று கத்தினாள்.

போனேன். பஸ் ஏறித் தூத்துக்குடி வந்து, இன்பமணி டீச்சருக்குப் போன் போட்டு வீட்டைப் பேசி, அவர் மகள் வீட்டில் சாவியும் வாங்கிக்கொண்டேன். மறுநாள் காலை ஒரு பித்தளைப் பானை, சின்ன கேஸ் அடுப்பு, கொஞ்சம் உப்பு, மஞ்சள், மாற்றுச் சேலை எல்லாம் எடுத்துக்கொண்டு வேம்பார் பஸ்ஸில் உட்கார்ந்தேன். நயினார் ராத்திரியே வந்து கடைக்குள் படுத்திருந்தார். நான் படியிறங்கும்போது எழுந்து நின்றார். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

அந்தப் புது அடுக்களையில் பால் காய்ச்சினேன். பக்கத்து வீட்டில் பனங்கிழங்கு அவிக்கிற பெண் ஒருத்தி என்ன சத்தம் என்று எட்டிப் பார்த்தாள். "வாங்க, ஒரு கை ஊத்துங்க" என்றேன். சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து ஊற்றினாள். பிள்ளை பெற்றவளா, பெறாதவளா, கட்டினவளா, அறுத்தவளா, நான் கேட்கவில்லை. பால் பொங்கி நாலு பக்கமும் வழிந்தது. குலவையை அவள் போட்டாள். நான் அடுப்பு முன்னால் உட்கார்ந்து அழுதேன்.

சாயங்காலம் வாசலில் ஸ்கூட்டர் சத்தம். நயினார்தான். சவரம் பண்ணாத முகம், கையில் என் மருந்துப் பை, மறந்து வைத்துவிட்டு வந்தது. படியில் ஏறாமல் தெருவிலேயே நின்றார்.

"குலச வீட்ட வித்துரட்டுமாளா?"

"உங்க வீடு. உங்க அக்காட்ட கேளுங்க."

"எனக்கு ஒரு தம்ளர் பால் இருக்கா?"

"தீந்துட்டு. தெருவுக்கெல்லாம் குடுத்தாச்சு."

மருந்துப் பையைப் படியில் வைத்தார். பிறகு, குரலே இல்லாத குரலில், "உள்ள வரட்டுமா?" என்று கேட்டார்.

"வாங்க. சும்மா பாத்துட்டுப் போங்க" என்றேன்.

செருப்பைக் கழற்றிவிட்டுப் படியேறினார். நிலையில் நான் கட்டிய தோரணம் ஒரு பக்கம் சரிந்து அவர் தலையில் உரசியது. அதைச் சரிபண்ணக் கையைத் தூக்கினார்.

"அதுல கை வைக்காதீய" என்றேன். "அது நான் கட்டுனது."

தூக்கிய கையை இறக்கிக்கொண்டு, தலையைக் குனிந்து உள்ளே வந்தார்.