ஹனாய் சூப்பு

முப்பத்தெட்டு ரூபாய் பன்னிரண்டணா. மயிலாப்பூர் கச்சேரி ரோட்டுக்குப் பின்சந்தில் மாட்டுக்கறிக் கடை வைத்திருந்த அக்பர் பாஷாவுக்கு வண்டிக்காரப் பீர் முஹம்மது தரவேண்டிய பாக்கி அது. வட்டி கிடையாது. பாஷா ஐந்து வேளை தொழுகிறவர், வட்டியைக் கையால் தொடமாட்டார். அதற்குப் பதில் மாட்டை ஓட்டிக்கொண்டு போய்த் தம் கொட்டகையில் கட்டிக்கொண்டார்.

முப்பத்தொன்றாம் வருஷத்து ஐப்பசி மழையில் வந்த வினை அது. அடையாற்று மணலை ஏற்றிக்கொண்டு போய், தினம் ஒரு பங்களா எழும்பிக்கொண்டிருந்த தியாகராய நகரில் கொட்டிவிட்டு வருவதுதான் பீர் முஹம்மதுவின் பிழைப்பு. வண்டியின் அச்சு முறிந்து ஒரு சக்கரமும் போய்விட்டது. சக்கரத்துக்குக் கடன் வாங்கினான். கடனுக்கு மாட்டைக் கொடுத்தான். சக்கரம் வந்தபோது இழுக்க மாடில்லை. வண்டிக்காரனாக இருந்தவன் அதே தியாகராய நகரில் தலையில் செங்கல் சுமந்தான்.

மாட்டுக்குப் பெயர் ஜமீன். அடித்தால் நகராது, மரியாதையாய்ச் சொன்னால் நடக்கும் என்பதால் வைத்த பெயர். ரம்ஜான் பிறை தெரிவதற்குள் பணம் வரவேண்டும், இல்லாவிட்டால் மாடு பாஷாவுடையது என்று பேச்சு. கறிக்கடைக்காரர் கைக்கு மாடு போனால் அதற்கப்புறம் என்ன என்று யாரும் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

பிறைக்கு இன்னும் இருபது நாள் இருந்தது. செங்கல் சுமந்து இருபது நாளில் முப்பத்தெட்டு ரூபாய் சேர்ப்பது ஆகிற காரியமில்லை. அப்போதுதான் அவனுக்கு ஹனாய் நினைவு வந்தது.

கப்பலேறிப் போய், பிரெஞ்சுக்காரன் ஆளும் இந்தோசீனாவிலிருக்கிற அந்த ஊரில் ஆறு வருஷம் ஒரு காரைக்கால் மரைக்காயரின் துணிக்கடையில் மூட்டை தூக்கியிருக்கிறான். அங்கே விடிகாலையில் தோளில் கம்பைப் போட்டு, இரண்டு பக்கமும் பெட்டி தொங்க, ஒரு பெட்டியில் நெருப்பும் ஒரு பெட்டியில் கிண்ணமுமாக மாட்டு சூப்பு விற்பார்கள். ஹலால் இல்லையென்று நம்மவர்கள் அதைத் தொடுவதில்லை. ஆனால் பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் மோதினாரின் பெண்சாதி, அந்த ஊர் அன்னாமிக்காரி, வெள்ளிக்கிழமை தோறும் ஹலால் கறியில் அதையே சமைப்பாள். விறகு உடைத்துக் கொடுத்து, கூடமாட நின்று, கைப்பாகமெல்லாம் பீர் முஹம்மது கற்றுக்கொண்டிருந்தான்.

"பாஷா பாய், உங்க கட வாசல்ல காலைல சூப்பு போடறேன். கிண்ணம் ஓரணா. என் பங்க பூரா கடன்ல கய்ச்சுக்குங்க. மாட்ட மட்டும் வுட்டுடுங்க" என்றான்.

பாஷா தாடியை நீவினார். "முப்பது வருஷமா மாட்டக் கூறுபோடறேன், எனக்குத் தெரியாத சூப்பாடா பீரு? சரி, வெள்ளிக்கெயம உன் வூட்ல ஆக்கு. எலும்பு, கறி நான் அனுப்பறேன். ஜும்மா முடிச்சு வர்றேன். நாக்குக்குப் புடிச்சா மாடு உன்னுது."

வெள்ளிக்கிழமை விடிவதற்குள், மாடவீதிப் பக்கம் மார்கழி பஜனைக்காரர்கள் தாளம் தட்டிக்கொண்டு போகும் நேரத்தில், பாஷாவின் கொட்டகைக்காரன் இனாயத் ஒரு கூடையை வாசலில் வைத்துவிட்டுப் போனான். காலெலும்பு, விலா, ஒரு துண்டு நல்ல சதை.

அடுப்பு மூட்டின கையோடு வீட்டில் சண்டையும் மூண்டது. எலும்பு ஒரு கொதி வந்ததும் பீர் முஹம்மது அந்தத் தண்ணீரை அப்படியே சாக்கடையில் ஊற்றினான். அவன் பெண்சாதி சகினா நெஞ்சில் கைவைத்துக்கொண்டாள்.

"அல்லாவே! சத்தெல்லாம் சாக்கடைக்கா? ஏங்க, உங்களுக்குப் பித்து புடிச்சுக்கிச்சா?"

"அழுக்குடி அது. இனிமேதான் சூப்பு."

எலும்புகளைக் கழுவி, புதுத் தண்ணீரில் போட்டு, அடுப்பை அடக்கி வைத்தான். பிறகு முழு வெங்காயத்தையும் இஞ்சியையும் உரிக்காமல் தணலில் எறிந்தான். அவை கரிக்கட்டையாகிற வரை பார்த்துக்கொண்டிருந்தவன், கருகலைச் சுரண்டிவிட்டுப் பானையில் போட்டான். பட்டை, கிராம்பு, அன்னாசிப்பூ துணியில் முடிந்து போனது. மஞ்சள் இல்லை, மிளகாய் இல்லை, மல்லித்தூள் இல்லை. சகினா முக்காட்டை இழுத்து வாயை மூடிக்கொண்டாள். மாடு கையைவிட்டுப் போனது போனதுதான் என்று அவள் முகத்தில் எழுதியிருந்தது.

அடுத்த வீட்டு வேலம்மாள் கருவாட்டுக்காரி. அவளிடம் கருவாட்டுப் பானையின் அடியில் நின்ற நெத்திலி உப்புத்தண்ணீரை அவன் கேட்டதும் அவள் கண் பிதுங்கிவிட்டது.

"இன்னா பாய், நாங்க கீய ஊத்தற தண்ணியா? மன்சன் துன்ற சூப்புலயா?"

"அந்த ஊர்ல இதுக்குன்னே மீன ஊறப்போட்டு வடிக்கறாங்க வேலம்மா. உப்புக்குப் பதிலு."

"நீ கப்பல் ஏறிப் போனது சம்பாரிக்கவா, இத்தக் கத்துக்கவா?" என்று கேட்டுக்கொண்டே கொண்டுவந்து கொடுத்தாள். கொடுத்துவிட்டுப் போகாமல் வாசற்படியிலேயே குந்திக்கொண்டாள். கருவாட்டுத் தண்ணீர் என்ன ஆகிறது என்று பார்க்காமல் அவளுக்குக் கால் எழவில்லை.

கொதிக்கிற சட்டியின் வாயில் துணியை இறுக்கிக் கட்டி, அரிசி மாவை அதன்மேல் மெல்லிசாய்த் தேய்த்தான். வெந்த ஏட்டை மூங்கில் குச்சியால் தூக்கிப் பலகையில் போட்டு நாடா நாடாக நறுக்கினான்.

"அய்யரு வூட்டு எலை வடாம் கணக்கா கீது. அதப் போயி மாட்டெலும்புல போடறான் பாரு" என்று வேலம்மாள் சிரித்துச் சிரித்து இருமினாள்.

பத்து மணிக்கு மேல் வாசனை வந்தது. அன்னாசிப்பூவும் எலும்பு மஜ்ஜையும் கருகிய இஞ்சியும் சேர்ந்து, சந்து முழுக்கப் பரவிப் போகிறவர்களை நிறுத்திவைக்கிற வாசனை. சகினா ஒரு கரண்டி எடுத்து ஊதிக் குடித்தாள். முக்காடு நழுவியது. இன்னொரு கரண்டி எடுத்தாள். வேலம்மாளும் கிண்ணத்தை நீட்டினாள். பீர் முஹம்மது தானும் குடித்துப் பார்த்தான். அந்த மோதினார் பெண்சாதி வைத்ததைவிட ஒரு பங்கு கூடவே இருந்தது. மாடு வந்துவிட்டது, சாயங்காலமே ஓட்டிக்கொண்டு வந்துவிடலாம் என்று நெஞ்சு நிமிர்ந்தது.

மேலே வந்த நுரையை எடுக்கக் கரண்டியை விட்டபோது ஒரு விலா எலும்பு மிதந்து வந்தது. சதை கழன்று வெள்ளையாக இருந்தது. தூக்கிப் பார்த்தான். நடுவில் முண்டு ஒன்று. ஒடிந்து, தானே கூடிக்கொண்ட எலும்பு.

போன வருஷம் லஸ் முனையில் ஒரு மோட்டார் இடித்ததில் ஜமீனுக்கு இடப்பக்க விலா ஒன்று ஒடிந்தது. நாற்பது நாள் பத்துப் போட்டது இந்தக் கைதான். தோலுக்கடியில் அந்த முண்டைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் தினமும் நுகத்தில் பூட்டுவான். ஆறின எலும்பின்மேல் கட்டைவிரலை வைத்தான். விரலுக்குப் பழகின இடம்.

கரண்டியைக் கீழே வைத்தது அவனுக்குத் தெரியாது. எலும்பைத் துண்டில் சுருட்டிக்கொண்டு கொட்டகைக்கு ஓடினான்.

இனாயத் சாணி வாரிக்கொண்டிருந்தான். ஜமீனைக் கட்டுகிற முளையில் வெறும் கயிறு கிடந்தது.

"இங்க கட்டியிருந்த மாடு எங்கடா?"

"நேத்து கல்யாண ஆர்டர் வந்துச்சு பீரு பாய். நாலு உருப்படி கேட்டாங்க. மூணுதான் கீது. பாஷா பாய் திருவல்லிக்கேணி பூட்டாரு. கேக்க ஆளில்ல. இது கதவாண்ட நின்னுக்கினு இருந்துச்சு, சேத்து அறுக்கற தொட்டிக்கு ஓட்டிட்டேன்." அவன் முகத்தைப் பார்த்து இனாயத்தின் கையிலிருந்த கூடை நழுவியது. "ஏன் பாய்? கட மாடு இல்லியா அது?"

"சொன்னா வருமே. அடிச்சா ஓட்டினே?"

"இல்ல பாய். வா நைனான்னேன். வந்துச்சு."

பீர் முஹம்மது எப்படி வீடு வந்து சேர்ந்தான் என்று அவனுக்கே தெரியாது. எலும்பைச் சகினாவின் முன் வைத்தான். எதுவென்று அவளுக்குச் சொல்லவேண்டியதில்லை. அவளும் அந்த நாற்பது நாள் எண்ணெய் காய்ச்சிக் கொடுத்தவள்தான். சுவரோரம் போய் வாந்தி எடுத்தாள். வேலம்மாள் கையிலிருந்த கிண்ணத்தை ஓசைப்படாமல் தரையில் வைத்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனாள்.

பானை கொதித்துக்கொண்டே இருந்தது. அந்த வாசனை மூக்கில் ஏறியபோது பீர் முஹம்மதுவின் வாயில் எச்சில் ஊறியது. அதுதான் அவனை அடித்துப்போட்டது. ஜமீன் செத்ததுகூட அவனை இப்படி உலுக்கவில்லை. தன் வாயா இது? ஊறின எச்சிலைத் துப்பினான். மறுபடி ஊறியது.

"கொட்டிடவா?" என்றான்.

சகினா முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். "கொட்டினா உசுரு வருமா? அவரு வரட்டும். துன்னட்டும். அப்புறம் பேசுங்க."

ஜும்மா முடிந்து, அத்தர் மணக்க அக்பர் பாஷா வந்து பாயில் உட்கார்ந்தார். சகினா திரைக்குப் பின்னால் நின்றாள். பீர் முஹம்மது கிண்ணத்தில் அரிசி நாடாவைப் போட்டு, மேலே காகிதம் போல் சீவின பச்சைக் கறியை அடுக்கினான்.

"டேய், டேய்! பச்சக் கறிய எவன்டா துன்னுவான்?" பாஷா பின்னால் நகர்ந்தார்.

கொதிக்கக் கொதிக்கச் சாற்றை ஊற்றினான். கண்ணெதிரே சிவப்பு போய்க் கறி வெந்து சுருண்டது. பாஷா வாயைப் பிளந்தார். ஒரு வாய் குடித்தார். கிண்ணத்தின் அடியை நாக்கால் நக்காத குறை.

"மாஷா அல்லா! முப்பது வருஷம் வீணாக்கிட்டேன்டா பீரு. மாடு உன்னுது! இப்பவே வந்து ஓட்டிக்கோ!"

பீர் முஹம்மது அந்த விலா எலும்பை அவர் எதிரே வைத்தான்.

"ஓட்டிக்கினுதான் வந்திருக்கேன் பாய். இனாயத்தக் கேளுங்க."

பாஷா எலும்பைப் பார்த்தார். இவனைப் பார்த்தார். காலிக் கிண்ணத்தைப் பார்த்தார். கிண்ணத்தைத் தள்ளி வைத்தார்.

"வல்லாஹி எனக்குத் தெரியாதுடா. பிறை வரைக்கும் உன் மாடுன்னு நாந்தானே வாக்கு குடுத்தேன்?" தலையில் கைவைத்துக்கொண்டார். "அடமானப் பொருளத் துன்னுட்டேனா நான்? நாளைக்கு மறுமைல அல்லாகிட்ட இன்னா பதில் சொல்லுவேன்? பீரு, கடன் போச்சு. வுட்டுட்டேன். நீ மனசார மன்னிச்சு என்னை ஹலால் பண்ணு."

"மாடு அறுவத்தஞ்சுக்கு வாங்கினது" என்றாள் சகினா, திரைக்குள்ளிருந்து.

பாஷா விரலை மடக்கிக் கடனைக் கழித்துப் பார்த்து, இடுப்புப் பையிலிருந்து இருபத்தாறு ரூபாய் நாலணாவை எண்ணிப் பாயில் வைத்தார். எழுந்தவர் நிலைப்படியில் நின்றார். பானைப் பக்கம் கண் போயிற்று.

"கோவிச்சுக்காதே. கட வாசல்ல போடறேன்னு சொன்னியே... நாளைக்கு வர்றியா?"

பீர் முஹம்மது அதிர்ந்து போய் அவரைப் பார்த்தான். கேட்கிற நேரமா இது? அடுத்த நொடியே, இருபத்தாறு ரூபாய்க்குப் பாதி மாடுகூட வராது என்பதும், விடிந்தால் செங்கல் என்பதும் சேர்ந்து அவன் தலையில் இறங்கின.

"வருவாரு" என்றது திரை. "அவரு பங்கு முக்கால். எலும்ப அவரே பாத்து எடுப்பாரு."

"சரிம்மா" என்றார் பாஷா.

சட்டைப்பையிலிருந்து, பீர் முஹம்மது கைரேகை வைத்த கடன் சீட்டை எடுத்து நீட்டினார். பீர் முஹம்மது அதை நாலாகக் கிழித்து அடுப்பில் போட்டான்.

"ஹலால் பண்ணிட்டேன் பாய்" என்றான். "போய்ட்டு வாங்க."