மூடாத இமை

மதியத் தூக்கத்தில் ஜெனோவின் வலது கண் பாதி திறந்தே கிடந்தது. இமைக்குக் கீழே வெள்ளை விழி மட்டும் தெரிந்தது.

பாளையங்கோட்டையில் அந்தத் தெருவில் யார் இறந்தாலும் கண்ணை மூடித் தாடையைக் கட்ட முதலில் அழைப்பது தேவமணியைத்தான். தம்பி மகனைப் பார்த்ததும் அவள் கை தன்னால் நீண்டது.

“மைனி, கைய எடுங்க!” அடுக்களையிலிருந்து ஓடிவந்த ரீபா, நாத்தனாரின் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள்.

“என்னட்டி இந்தப் பிடி பிடிக்க? பிள்ள கண்ணத் தொறந்துகிட்டுத் தூங்குதான். பாக்கவே ஈரக்கொல நடுங்குது.”

“இப்படித்தான் தூங்குவான்னு டாக்டர் சொன்னாங்கல்லா. இழுத்து மூடுனா உள்ள போட்ட முடிச்சு நழுவிரும்.”

பிறந்ததிலிருந்தே அந்த இமை தொங்கிக் கருவிழியை மறைத்தது. அப்படியே விட்டால் மூளை அந்தக் கண்ணால் பார்க்கப் பழகாமலே போய்விடும் என்றார் டாக்டர். தொடையிலிருந்து சவ்வுப் பட்டை எடுத்துக் கட்டினால் நெடுநாள் நிற்கும். ஆனால் இரண்டு வயதுத் தொடையில் அதற்கு நீளம் போதாது. அதனால் அறுவை சிகிச்சையில் மெல்லிய சிலிக்கோன் இழையைத் தோலுக்கடியில் செலுத்தி, இமையை நெற்றித் தசையோடு பிணைத்திருந்தார். நெற்றியை உயர்த்தினால் இமையும் உயரும். தூக்கத்தில் முழுதாக மூடாது. விழி உலர்ந்தால் புண்ணாகிவிடும். தூங்கும்போதெல்லாம் களிம்பு இட வேண்டும்.

விடுப்பு முடிந்து திங்கட்கிழமை ரீபா பள்ளியில் பாடம் நடத்தப் போக வேண்டும். பகலில் பிள்ளையைப் பார்க்கத் தேவமணியை விட்டால் ஆளில்லை.

“எத்தன நாளைக்கு இப்படி?”

“போகப்போகக் கொறையுமாம். ஆனா முழுசா மூடாதுன்னுதான் சொல்லுதாங்க.”

“நல்லதுதான். களவாணிப்பய வந்தா முழிச்சிருக்கான்னு ஓடிருவான்.”

ரீபா சிரிக்கவில்லை. களிம்புக் குழாயைத் தேவமணியின் கையில் வைத்தாள். “கைய சோப்புப் போட்டுக் கழுவிட்டு வாங்க. கீழ் இமைய மட்டும் பைய இழுக்கணும். மேல தொடவே கூடாது.”

இறந்தவர் கண் அசையாது. இந்தக் கண் விரல் பட்டதும் துடித்தது. தேவமணி பதறிக் கையை எடுத்தாள். மறுபடி முயன்றாள். பாதிக் களிம்பு கன்னத்தில் வழிந்தது. துடைக்க முந்தானையைத் தூக்கியவளிடம் ரீபா பஞ்சை நீட்டினாள்.

“போ அத்த,” என்று முனகிவிட்டு ஜெனோ திரும்பிப் படுத்தான்.

“திங்கக்கெழம நீ பள்ளிக்கூடத்துக்குப் போயிட்டு வாட்டி. நான் பாத்துக்கிடுதேன்.”

ரீபா களிம்புக் குழாயைத் திரும்ப வாங்கவில்லை.

“ராத்திரிக்கும் நீங்களே போடுங்க மைனி. பாப்போம்.”